தகட்டில் படாமல்

"கொஞ்சம் இந்தப் பக்கம் சாயுங்க அத்தை" என்று சொல்லி, வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டால் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தலையணைக்கு அடியில் கைபேசி அதிர்ந்தது. துடைக்கிற வேலையை முடித்துவிட்டு எடுக்கலாம் என்று மருமகள் நினைத்தாள். அத்தை விடவில்லை.

"எடு, எடு. முதுகு எங்க ஓடிடப் போகுது."

பல்ஸ்காரர்தான். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் ஆய்வுக்கூடத்தில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. அத்தை அங்கே படக்குழாய்கள் வடிவமைத்தாள். அவற்றுக்கு வேண்டிய மின்துடிப்பை, பல்ஸை, அவர் தயார் செய்தார். ஒரே குழாய்க்காக இருவரும் பாதி ஆயுளைச் சண்டை போட்டே கழித்தவர்கள். இன்றைக்கு மத்தியானம் புதுக் குழாயைச் சோதித்துப் பார்க்கப் போகிறோம், மேடம் முழித்திருப்பார்களா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். மருமகள் கேள்வியை அப்படியே அத்தையிடம் சொன்னாள்.

"முழிச்சிருக்கேன்னு சொல்லு. இதைப் பாக்காம நான் எங்கயும் போறதா இல்லன்னும் சொல்லு."

மருமகள் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

மருத்துவர் முந்தின நாள் வந்து பார்த்துவிட்டு வாசல்வரை அவளைத் தனியாகக் கூட்டிப் போய்ப் பேசியிருந்தார். இனி ஊசி வேண்டாம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வர வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்றார். திரும்பி உள்ளே வந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவுன்னார்?" என்பது. மருமகள் போர்வையை இழுத்துவிட்டாள். அத்தை தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு, "அவனை வரச் சொல்லு. அவளையும்" என்றாள்.

அவன் என்றால் அத்தையின் ஒரே மகன். அவள் என்றால் அவனுடைய இப்போதைய மனைவி. அவர்களைக் கூப்பிட வேண்டிய மருமகளோ அவனுடைய முன்னாள் மனைவி. வருடக்கணக்காக அவன் குரலை அவள் கேட்டதில்லை. எண்ணை அழுத்திவிட்டு, அந்தப் பக்கம் எடுத்ததும் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நேராக விஷயத்துக்கு வந்தாள். அத்தைக்கு முடியவில்லை, வாங்க. அவன் அவளையும் கூட்டிக்கொண்டு வரவா என்று கேட்டான். ரெண்டு பேரையும்தான் வரச் சொன்னாங்க என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அவன் இந்த வீட்டைவிட்டுப் போவதாகச் சொன்னது ஒரு சாயங்காலம். இன்னொருத்தியோடு வாழப்போகிறேன் என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், ஏதோ வேலை மாற்றலைச் சொல்வதுபோலச் சொன்னான். மறுநாள் மருமகள் தன் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் வீட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. அண்ணி முகம் எப்படி மாறும் என்பதும் அவளுக்குத் தெரியும். வேலை முடிந்து வந்த அத்தை, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் அறை வாசலில் நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"அண்ணன் வீட்டுக்கு அத்தை."

"போறேன்னு சொன்னது அவன்தானே? நீ ஏன் போற? இது என் வீடு."

அதற்குமேல் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. டீ போடு, எனக்கும் சேர்த்துப் போடு என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். அடுக்கின துணியைத் திரும்ப அலமாரியில் வைக்கும்போதுதான் மருமகளுக்கு அழுகை வந்தது.

அத்தையின் தங்கை ஒருமுறை இவள் காதுபடவே கேட்டாள், பேரன் பேத்தி என்று ஒரு பிடிப்பு இருந்தாலும் பரவாயில்லை, அதுவும் இல்லை, எந்த உறவில் இவளை வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று. "எனக்குப் பொழுது போக வேணாமா" என்றாள் அத்தை, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். தங்கை அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதே சமயம் அத்தை மகனையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவனோடு பேசுவாள். பேசிவிட்டு வந்து, என்ன பேசினேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இவளும் கேட்டதில்லை.

ஆய்வுக்கூடத்துக்கு மருமகள் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறாள். விவாகரத்து முடிவான அன்று. நீதிமன்றத்திலிருந்து வெளியே வந்ததும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. கால்போன போக்கில் நடந்து அத்தையின் அலுவலக வாசலில் போய் நின்றாள். அத்தை அவளை ஒன்றும் விசாரிக்காமல் ஒரு இருட்டறைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். ஆள் உயர இரும்பு அலமாரிகளுக்கு நடுவே, முழங்கை நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். ஒளி அதன் முகப்புப் பூச்சில் பட்டதும் எலக்ட்ரான்கள் கிளம்பி மறுமுனைத் திரையை நோக்கிப் பறக்கும், வழியில் இரண்டு தகடுகள் இருக்கின்றன என்று அத்தை விரலால் காட்டினாள். தகடுகளுக்கு இடையே மின்னழுத்தத்தைச் சட்டென்று ஏற்றினால், முதலில் வந்த எலக்ட்ரான் ஒரு பக்கம் வளையும், அடுத்து வந்தது வேறு பக்கம் வளையும். முன்னே பின்னே வந்தவையெல்லாம் திரையில் மேலே கீழே போய் விழும். ஒளியே சில மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும், அவ்வளவு சின்ன நேரத்துக்குள் நடந்ததைக்கூடத் திரையில் பிரித்துப் பார்த்துவிடலாம்.

யாரோ விளக்கை அணைத்தார்கள். திரையில் பச்சையாக ஏணிபோல ஒன்று தோன்றியது. சம இடைவெளி விட்டு அனுப்பிய ஒளிக்கீற்றுகள், ஒவ்வொன்றும் ஒரு குட்டைக் கோடாக, ஒன்றன்கீழ் ஒன்றாக.

"இது என்ன அத்தை?"

"நேரம். நிக்க மாட்டேங்குது. அதான் படுக்க வச்சிருக்கோம்."

அந்த இருட்டில் மருமகள் சிரித்தாள். அன்றைக்குச் சிரிப்போம் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

பிறகு அவள் பேருந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். அது அவளாகவே எடுத்த முடிவு. அத்தை அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் தனியாக வண்டி எடுத்த முதல் நாள், வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் அத்தை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். மற்ற பயணிகளைப்போலவே ஏறி, சீட்டு வாங்கி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து, கடைசி நிறுத்தம்வரை செய்தித்தாள் படித்தாள். அங்கே இறங்கி நின்று, அதே வண்டி திரும்பும்போது மறுபடி ஏறி வீட்டுக்கு வந்தாள். இரவுச் சாப்பாட்டின்போது, "ரெண்டாவது வளைவுல கொஞ்சம் வேகம்" என்றாள்.

மத்தியானம் கைபேசி மறுபடி அதிர்ந்தபோது அத்தை அரைத் தூக்கத்தில் இருந்தாள். பல்ஸ்காரர் இந்தமுறை வீடியோவில் வந்தார். முகம் வியர்த்திருந்தது. பின்னால் நாலைந்து பேர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். மருமகள் அத்தையைச் சாய்த்து உட்காரவைத்து, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்தாள்.

இந்தக் குழாயில் அத்தை மாற்றியிருந்தது அந்த இரண்டு தகடுகளைத்தான். நெருக்கமாக வைத்தால் எலக்ட்ரான் கற்றை நன்றாக வளைகிறது, ஆனால் வளைந்து வெளியேறும்போது தகட்டின் விளிம்பிலேயே முட்டி நின்றுவிடுகிறது. அதனால் படத்தின் இரண்டு ஓரமும் காணாமல் போகும். விலக்கி வைத்தால் முட்டாது, ஆனால் வளைப்பதற்கு மின்னழுத்தம் பத்தாது. அத்தை படுக்கையில் விழுவதற்கு முன் கடைசியாக வரைந்து கொடுத்த தகடுகள் நெருக்கமாகத் தொடங்கி, போகப்போகச் சட்டைக் காலர் மடங்குவதுபோல வெளிப்பக்கமாக விலகிச் செல்பவை. "நீங்க தகட்டை விரிச்சுக்கிட்டே போனா நான் வோல்டேஜுக்கு எங்க போவேன்?" என்று பல்ஸ்காரர் இந்த அறைக்கே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாதாடியிருக்கிறார். "அது உங்க பாடு" என்பதுதான் எப்போதும் அவருக்குக் கிடைத்த பதில்.

கைபேசியில் விளக்குகள் அணைந்தன. கொஞ்ச நேரம் இருட்டு மட்டும்தான். பிறகு பச்சை ஏணி வந்தது.

அத்தை கண்களை இடுக்கினாள். கண்ணாடி போட்டும் அவளுக்குத் தெரியவில்லை. கைபேசியை மருமகள் பக்கம் தள்ளினாள்.

"நீ பாத்துச் சொல்லு. ஓரம் வரைக்கும் கோடு இருக்கா?"

மருமகள் கைபேசியை முகத்தருகே கொண்டுபோனாள். மேலிருந்து கீழே ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள்.

"மேல ஓரத்துல இருக்கு அத்தை. கீழயும் இருக்கு. எதுவும் அறுந்து போகல."

"கீழயும் இருக்கா? நல்லாப் பாரு."

"இருக்கு. ஆனா மேல எல்லாம் சமமா நிக்குது. கீழ கடைசி மூணு மட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது."

அத்தை ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவள் உடம்பு குலுங்கியது. வலிக்கிறதோ என்று பதறி மருமகள் கையைப் பிடித்தாள். வலியில்லை, சிரிப்பு. சத்தம் வராமல், தோள் மட்டும் ஆட, கண்ணோரத்தில் நீர் வர அத்தை சிரித்தாள்.

"பல்ஸு, கேக்குதா? என் தகட்டுல எதுவும் படல. உங்க துடிப்புதான் கடைசில மூச்சு வாங்குது."

அந்தப் பக்கம் பல்ஸ்காரரும் சிரித்துவிட்டார். துடிப்பு முடியும் இடத்தில் தளர்ந்துவிடுகிறது, ஏறுகிற வேகம் குறைவதால் கோடுகள் நெருங்கிவிடுகின்றன, ஒத்துக்கொள்கிறேன் என்றார். இதைச் சரிபண்ண ஒரு மாதமாவது ஆகும் என்றார். ஆகட்டும், அவசரமில்லை, பொறுமையாகச் செய்யுங்கள் என்றாள் அத்தை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, இத்தனை வருஷம் உங்களைப் படாதபாடு படுத்திவிட்டேன், அலுக்காமல் கூடவே இருந்தீர்கள் என்றாள். பல்ஸ்காரர் கைபேசியை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டு எழுந்து போவது தெரிந்தது.

மகனும் அவன் மனைவியும் வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மருமகள்தான் கதவைத் திறந்தாள். அவனுக்கு முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது. அவன் மனைவி, இவளுக்கு இளையவள், ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழங்களோடு மிதியடியைத் தாண்டாமல் நின்றாள். பழத்தை யாரிடம் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மருமகள் கையை நீட்டி வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்க, முழிச்சுத்தான் இருக்காங்க" என்றாள்.

அவன் அறைக்குள் போனான். மருமகள் சமையலறைக்குப் போய்த் தேவையில்லாமல் ஒரு பாத்திரத்தை மறுபடி கழுவினாள். அறையிலிருந்து அத்தையின் குரல், மெதுவாக, விட்டு விட்டு. 'ஒட்டிக்கிட்டு நிக்குதாம்' என்பது மட்டும் காதில் விழுந்தது. அவன் சிரித்தான். அதன்பின் நெடுநேரம் இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

அவன் சமையலறை வாசலுக்கு வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. உள்ளே வராமல் நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றான். அம்மா பக்கத்தில் இளையவள் இருக்கிறாள், தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்றான். மருமகள் சரி என்றாள்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன். பஸ் ஓட்டறேன்."

"தெரியும். அம்மா சொல்வாங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாரா வாரம் சொல்வாங்க. நீ எந்த ரூட்ல ஓடற, யாரோட சண்டை போட்ட, என்ன புதுசா வாங்கின, எல்லாம். என்னை ஒரு தடவைகூடத் திட்டினதில்ல. உன்னைப் பத்திச் சொல்லிட்டு வச்சிருவாங்க." அவன் நிறுத்தினான். "திட்டியிருந்தா தேவலன்னு இருக்கும்."

அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சாத்திக்கிடந்த அந்தக் கதவுக்குப் பின்னால் தன் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது என்பதை நம்புவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. குழாயைத் திருகி நிறுத்தினாள்.

"நீ இங்கயே இரு" என்றான் அவன். "அம்மா சொன்னாங்கன்னு இல்ல. அவங்க சொன்னாங்க, ஆனா அதுக்காக இல்ல."

அப்போதுதான் அறையிலிருந்து குரல் வந்தது. சத்தமாக இல்லை. "அக்கா..." என்றது. மறுபடியும், "அக்கா, கொஞ்சம் வாங்களேன்."

யாரைக் கூப்பிடுகிறாள் என்பது ஒரு நொடி மருமகளுக்கு உறைக்கவில்லை. உறைத்ததும் ஓடினாள்.

இளையவள் ஒரு கையில் ஸ்பூனும் ஒரு கையில் அத்தையின் விரல்களுமாக உட்கார்ந்திருந்தாள். அத்தையின் கண்கள் மூடியிருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. மருமகள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். கழுத்தில் வைத்துப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். அவன் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்று, போர்வைக்கு மேலாக அம்மாவின் பாதங்களைப் பிடித்துக்கொண்டான்.

"என்கிட்டப் பேசிட்டுத்தான் இருந்தாங்க" என்றாள் இளையவள். "என்ன வேலை பாக்கறேன்னு கேட்டாங்க. கண்ணாடிக் கடைல கண் டெஸ்ட் பண்றேன்னேன். நல்லதாப் போச்சு, கண் தெரிஞ்சவ ஒருத்தி வீட்டுக்கு வேணும்னாங்க. அப்புறம் தண்ணி வேணாம்னு தலையை ஆட்டினாங்க."

மருமகள் அவள் கையிலிருந்த ஸ்பூனை மெதுவாக எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அத்தையைக் குளிப்பாட்டி உடுத்தும் வேலையை இரண்டு பேரும்தான் செய்தார்கள். இளையவளுக்குப் பழக்கமில்லை. பயமும் இருந்தது. ஆனால் விலகிப் போகவில்லை. தூக்கு என்றால் தூக்கினாள், பிடி என்றால் பிடித்தாள். அத்தை எப்படிப்பட்டவர் என்று நடுவில் கேட்டாள். மருமகள் யோசித்தாள். நல்லவர் என்று சொன்னால் எந்த அத்தைக்கும் பொருந்திவிடும். கடைசியில், பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை வந்த கதையைச் சொன்னாள். இளையவள் துண்டைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை தகனக்கூடத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகக் கூட்டம் இருந்தது. ஆய்வுக்கூடத்து ஆட்கள் ஒரு பக்கமாக நின்றார்கள். பல்ஸ்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, அத்தையைக் கிடத்தியிருந்த மரப்பெட்டியருகே போய்த் தலை குனிந்து நின்றுவிட்டு வந்தார். பேருந்துப் பணிமனையிலிருந்து இரண்டு டிரிப்புக்கு நடுவே கிடைத்த நேரத்தில் ஓடிவந்த ஓட்டுநர்கள், காக்கிச் சட்டையோடு பின்வரிசையில் நின்றார்கள். அத்தைக்கு அவர்களில் பாதிப்பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம் இருந்தது என்பது மருமகளுக்கு அங்கே அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

அத்தையின் தங்கை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மருமகள் ஓட்டுநர்களோடு பின்னால் நின்றாள். அங்கே நிற்பதுதான் முறை என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

கூடத்து ஊழியர் வந்து, பெட்டி உள்ளே போகப்போகிறது, குடும்பத்தில் கடைசிவரை கூட வருபவர் யார் என்று கேட்டார். எல்லோரும் மகனைப் பார்த்தார்கள். அவன் எழுந்தான். இரண்டடி வைத்தான். பிறகு நின்று, திரும்பிக் கூட்டத்துக்குள் தேடினான்.

"இவங்களும் வருவாங்க" என்றான். ஊழியருக்கு யார் என்று புலப்படவில்லை. "அதோ, பின்னால நிக்கறாங்களே. அவங்கதான் அம்மாவைப் பாத்துக்கிட்டவங்க."

தங்கை திரும்பிப் பார்த்தாள். கால்களை ஒடுக்கிக்கொண்டு வழிவிட்டாள்.

மருமகள் நடந்து போனாள். பெட்டியின் ஒரு பக்கம் அவன், மறுபக்கம் அவள். மரம் வழவழப்பாக இருந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தபடி கதவுவரை போனாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்தே ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டு வந்திருந்தாள். கதவு திறந்ததும், "வர்றேன் அத்தை" என்றுதான் வாயில் வந்தது, வேலைக்குக் கிளம்பும்போது சொல்வதுபோல.

வீட்டுக்குத் திரும்பியபோது பசி எல்லோருக்கும் இருந்தது. மகன் ரொட்டியும் முட்டையும் வாங்கி வருகிறேன் என்று போனான். மருமகள் அத்தையின் கட்டிலிலிருந்து விரிப்புகளை உருவி, பின்கட்டுக் குழாயடியில் ஊறவைத்தாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. பெரிய விரிப்பு, தண்ணீர் குடித்ததும் ஆள் கனம் கனத்தது. ஒற்றை ஆளாகப் பிழிய முடியாமல் திணறிக்கொண்டிருந்தபோது இளையவள் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"எந்தப் பக்கம் முறுக்கணும்க்கா?"

"நீ அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்."

இருவரும் எதிரெதிரே நின்று முறுக்கினார்கள். விரிப்பு இறுகி இறுகிக் கயிறானது. தண்ணீர் நடுவில் கொட்டி, சிமெண்ட் தரையில் இருவர் காலையும் நனைத்துக்கொண்டு ஓடியது. இன்னும் ஒரு சுற்று என்றாள் மருமகள். இளையவள் பிடியை மாற்றிக்கொண்டு, காலை அகட்டி ஊன்றி நின்றாள்.